திருச்சியில் தோன்றிய எட்டாம் ஸ்குவாட்ரன்: போர்க்காலப் பணியும் பிற்கால வளர்ச்சியும்

முன்னுரை

இந்திய விமானப்படையின் எட்டாம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில் உருவாக்கப்பட்டது. குண்டுவீச்சுப் பிரிவாகத் தொடங்கிய அது, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சண்டை விமானப் பிரிவாக மாறியது. விமானங்கள் மாறியபோதும், தரைப்படைக்குத் துணைநிற்கும் பணி நெடுங்காலம் அதனுடன் தொடர்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தோற்றச் சூழல்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். வங்கக் கடலோரம் முழுவதுமே போர்முனையாகிவிடுமோ என்ற அச்சம் பரவியது.

இந்நிலையில் திருச்சி பாதுகாப்பான இடமாக அமைந்தது. கடற்கரையிலிருந்து உள்ளடங்கிய ஊர்; பல ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு; பொன்மலையில் பெரிய ரயில்வே பணிமனை. போருக்கு முன்பே, கொழும்பு செல்லும் டாடா விமானங்கள் இங்கு இறங்கிச் சென்றன. எட்டாம் ஸ்குவாட்ரன் இங்கு உருவான அதே நாளில் ஏழாம் ஸ்குவாட்ரன் விசாகப்பட்டினத்தில் உருவானது. எட்டாம் ஸ்குவாட்ரனின் முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் நிரஞ்சன் பிரசாத். பின்னாளில் தரைப்படைக்குத் திரும்பிய இவர், 1962 சீனப் போரில் நான்காம் டிவிஷனுக்குத் தலைமை தாங்கினார்.

அரக்கான் போர்முனை

ஏழாம், எட்டாம் ஸ்குவாட்ரன்கள் இரண்டுக்கும் அமெரிக்கத் தயாரிப்பான ‘வல்டி வெஞ்சன்ஸ்’ விமானங்கள் வழங்கப்பட்டன. இருவர் செல்லும் இவ்விமானம் இறக்கையின் அமைப்பால் மூக்கைத் தூக்கியபடியே பறக்கும். சமதளப் பறப்பில் குறையாகத் தெரிந்த அந்த அமைப்பே பாய்ச்சலில் பலமாயிற்று. உயரத்திலிருந்து தலைகீழாகச் செங்குத்தாய் இறங்கும்போது விமானம் வழி விலகாது. இறக்கைத் தடுப்புகள் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆகவே குண்டுகள் குறி தவறாமல் விழுந்தன.

1943 டிசம்பரில் சிட்டகாங் பகுதியிலிருந்து எட்டாம் ஸ்குவாட்ரன் போரில் இறங்கியது. பர்மாவின் அரக்கான் மலைகளில் ஜப்பானியர் மரக்கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணை நிரப்பிப் பதுங்குகுழிகள் அமைத்திருந்தனர். காட்டுக்குள் மறைந்த அவற்றை வானிலிருந்து கண்டறிவது அரிது. பீரங்கிப் படையினர் புகைக்குண்டு வீசி இடத்தைக் காட்ட, விமானிகள் அதை நோக்கிப் பாய்ந்தனர். நம் படை வீரர்கள் அருகிலேயே இருந்ததால் சிறு பிழையும் அவர்கள் உயிரைப் பறித்துவிடும். அந்நிலையிலும் காட்டிய துல்லியமே இப்பிரிவு ஈட்டிய முதல் பெருமை.

ஸ்பிட்ஃபயர் காலம்

1944 மழைக்காலத்தில் வெஞ்சன்ஸ் கைவிடப்பட, ஸ்பிட்ஃபயர் வந்தது. எதிரி விமானங்களை வானில் மறிப்பதற்கென உருவான விமானம் இது. ஆனால் 1945இல் பர்மா வானில் ஜப்பானிய விமானங்கள் அருகிவிட்டன. எனவே ஸ்பிட்ஃபயர்களும் பெரும்பாலும் தரை இலக்குகளைத் தாக்கவே அனுப்பப்பட்டன. 1945 மே மாதத்தில் ரங்கூன் மீட்கப்பட்டபின், அதன் அருகேயுள்ள மிங்கலாடோன் தளத்துக்கு இப்பிரிவு சென்றது.

போருக்குப் பின்

1947 பிரிவினையில் இந்தியாவிடமே தங்கிய எட்டாம் ஸ்குவாட்ரன், டெம்பெஸ்ட், வாம்பயர், பிரெஞ்சு மிஸ்டேர் விமானங்களை அடுத்தடுத்து இயக்கியது. 1965 பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து பறந்த அதன் மிஸ்டேர்கள் மீண்டும் தரை இலக்குகளையே தாக்கின. ஜெட் காலத்திலும் அரக்கானில் ஏற்ற பணியே நீடித்தது. பின்னர் மிக்-21, அதன்பின் சுகோய்-30 என அதன் வளர்ச்சி தொடர்கிறது.

முடிவுரை

ஒரு போர்ப் பிரிவின் இயல்பை விமானத்தின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. களத்தின் தேவையே தீர்மானிக்கிறது. பிரிவு தோன்றும் இடத்தைப் புவியியல் முடிவுசெய்கிறது. 2020 ஜனவரியில், இந்தியப் பெருங்கடலைக் கருத்தில் கொண்டு, பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்களுடன் 222ஆம் ஸ்குவாட்ரன் தஞ்சாவூரில் நிறுத்தப்பட்டது. 1942இல் திருச்சிக்குக் கிடைத்த முக்கியத்துவத்தை இதனுடன் இணைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கம் முதல் மருங்காபுரி வரையிலான திருச்சி வட்டார வரலாற்றை எழுதுவோர், கோயில்களோடும் ஜமீன்களோடும் இப்படைப்பிரிவுக்கும் உரிய இடம் தர வேண்டும்.