தங்கவயல் வரலாறு: 1881ஆம் ஆண்டு

நந்திதுர்க் என்றதும் தங்கவயல்வாசிகளுக்குச் சுரங்கமும் லைன் வீடுகளுமே நினைவுக்கு வரும். ஆயினும் அப்பெயர், வடமேற்கே வெகுதொலைவில், 1791இல் காரன்வாலிஸ் பிரபுவின் சேனை முற்றுகையிட்டுப் பிடித்த நந்திமலைக் கோட்டைக்கு உரியது. அப்பெயரைப் போலவே தங்கவயலின் மக்களும் வேற்றிடத்திலிருந்து வந்தவர்களே; அக்கதைக்கு 1881ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1881ஐ மைசூர்ச் சரித்திரம் மகோற்சவ வருஷமாகக் கொண்டாடுவது நியாயமே. ஐம்பது ஆண்டு ஆங்கிலேயர் நிர்வாகம் முடிந்து, மார்ச் 25ஆம் தேதி பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் ராஜ்யம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. செங்கற்பட்டு ஜில்லாவில் பிறந்த ரங்காச்சார்லு திவானாகி, அக்டோபர் 7இல் தாலுகாக்களிலிருந்து வந்த நிலக்காரரும் வணிகருமாக 144 பேரைக் கொண்ட பிரஜாப் பிரதிநிதி சபையைக் கூட்டினார்.

ஆயினும், என் மனம் நிலைப்பது பிப்ரவரி 17ஆம் தேதி இரவில்தான். இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட அந்த முதல் ஜனத்தொகைக் கணக்கில், 1871இல் சுமார் 50 லட்சமாயிருந்த மைசூர் ராஜ்யத்து ஜனங்கள் சுமார் 42 லட்சமாகக் குறைந்திருந்தனர். இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மைசூரையும் வடார்க்காட்டையும் சேலத்தையும் ஒருசேர வாட்டிய அப்பஞ்சம், மாண்டவர் போக மிஞ்சியோரிடமும் பிறந்த மண்ணில் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையைப் பறித்துவிட்டது.

அதே காலத்தில் தங்கவயலில், மைக்கேல் லாவெல் என்னும் ஐரிஷ்காரர் தொடங்கிவைத்த பொன் அகழ்வை, 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்டனர். மூலதனம் கரைந்தும் பொன் அகப்படாத அவ்வாண்டுகளைக் கடந்து, பின்னர் சாம்பியன் ரீஃப் படிவம் தென்பட்டபோது, பாறை குடையக் கரங்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. பஞ்சம் வேரறுத்த ஜில்லாக்களின் தமிழர், பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள், மேஸ்திரிகளின் பின்னே வந்து மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினர். 1881இன் சபையில் அவர்களுக்கு ஆசனமில்லை. பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சுரங்கத் தொழிலாளருக்கென முதற்சட்டம் பிறக்க 1901 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நந்திதுர்க் லைன்களில், சங்கு ஊதி ஷிப்டு மாறிய காலத்தைக் கண்ட கிழவர்களை இன்றும் சொந்த ஊர் எதுவென்று கேட்டுப் பாருங்கள். தாம் ஒருநாளும் கண்டிராத ஒரு வடார்க்காட்டுக் கிராமத்தின் பெயரையே சொல்வார்கள்.