மழையும் பொறுப்பும்: அப்பலாச்சிய நிலக்கரி நிலங்களின் மீட்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சுரங்கத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் அகழ்ந்தெடுத்த கனியங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அகழ்ந்தபின் எஞ்சிய மண்ணுக்கு யாது நேர்ந்தது, மழைநீர் அதனை எங்கே கொண்டு சென்றது, அதன் விளைவை யார் சுமந்தனர் என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பிரதேசத்தில் இவ்வினாக்கள் எவ்வாறு அரசியற் பிரச்சினையாகிச் சட்டமாக உருப்பெற்றன என்பதை இங்கு நோக்குவோம்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், பாரிய மண்வாரி இயந்திரங்களின் வருகையோடு திறந்தவெளி அகழ்வு அங்கு விரைந்து பரவிற்று. நிலக்கரிப் படையின் வழியே மலைச்சரிவைப் படிபோல வெட்டி, மேலிருந்த மண்ணையும் பாறையையும் சரிவின் கீழே தள்ளிவிடுவதே வழக்கமாயிருந்தது. மரமும் வேரும் அற்ற அக்குவியல்களை ஒவ்வொரு மழையும் அரித்தது. ஓடைகள் அடையலால் தூர்ந்தன. பள்ளத்தாக்கில் வாழ்ந்தோரின் நிலங்கள் கெட்டன.

இந்நிலைமைக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலைவாழ் விவசாயிகளிடமிருந்து சொற்ப விலைக்குப் பெறப்பட்ட கனிய உரிமை உறுதிகளைக் கொண்டு, நிலச் சொந்தக்காரரின் சம்மதமின்றியே நிலத்தைப் புரட்டலாம் எனக் கென்ரக்கி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1965 இல் ஒலி கோம்ஸ் என்னும் விதவை, தம் வீட்டின் மேற்சரிவை வெட்ட வந்த புல்டோசரின் முன் அமர்ந்து சிறை சென்றார். அவ்வுறுதிகளின் இத்தகைய வலிமையை நீக்குவதற்கு 1988 இல் மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று.

1972 பெப்ரவரி 26 ஆம் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கில், நிலக்கரிக் கழிவைக் குவித்துக் கட்டிய அணையொன்று மழையின்போது உடைந்தது. ஏறத்தாழ 13 கோடி கலன் கரிய நீர் பாய்ந்ததில் 125 பேர் மாண்டனர். 4,000 இற்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். இது கடவுளின் செயல் என்பதே நிறுவனத்தரப்பின் வாதமாயிருந்தது. முறையான வடிவமைப்பின்றிக் கழிவைக் குவித்தவர் எவர் என்ற வினாவை அவ்வாதம் மறைத்தது. மழையைப் பெய்விப்பது இயற்கை. அணையைக் கட்டியது மூலதனம். இவ்விரண்டையும் பிரித்து நோக்குவதே பின்வந்த போராட்டத்தின் சாரம் எனலாம்.

திறந்தவெளி அகழ்வைக் கட்டுப்படுத்தும் சமஷ்டிச் சட்டமூலத்தை ஜனாதிபதி போர்ட் 1974 இலும் 1975 இலும் நிராகரித்தார். 1977 ஓகஸ்ட் 3 ஆம் திகதி ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்டதன் பின்னரே அது சட்டமாயிற்று. செங்குத்தான சரிவுகளில் மண்ணைக் கீழே தள்ளுதல் தடுக்கப்பட்டது; நிலத்தின் முன்னைய வடிவத்தைக் கூடியளவு மீட்டமைத்தல் கடமையாக்கப்பட்டது. சட்டத்தின்வழி எழுந்த விதிகள், குலைக்கப்பட்ட நிலத்திலிருந்து வழியும் நீரை அடையற் குளங்களினூடாகச் செலுத்துமாறு பணித்தன. வேகம் தணிந்த நீரிலிருந்து மண் குளத்தின் அடியிற் படிய, தெளிந்த நீர் வெளியேறும். சராசரியாக 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யத்தக்க 24 மணிநேர மழை இதற்கு அளவுகோலாயிற்று. மீட்கப்படும் நிலத்திலிருந்து வெளியேறும் நீரில் லீற்றருக்கு 0.5 மில்லிலீற்றருக்கு மேல் படியத்தக்க திண்மம் இருத்தலாகாது எனவும் வரையறுக்கப்பட்டது. இவ்வெண்களை வெறும் பொறியியல் விபரங்களாகக் கருதலாகாது. பெருமழை எதிர்பார்க்கப்பட வேண்டியதே, அதற்கு ஆயத்தமாயிருத்தல் அகழ்வோரின் கடமையே என்னும் சமூகத் தீர்ப்பு அவற்றில் அடங்கியுள்ளது.

ஆயினும் சட்டத்தின் நடைமுறை ஒரு புதிய முரண்பாட்டைத் தோற்றுவித்தது. மண் சரியாதிருத்தல் வேண்டும் என்ற கவலையால், மீட்கப்பட்ட சரிவுகள் புல்டோசர்களால் மீண்டும் மீண்டும் அழுத்திச் சமப்படுத்தப்பட்டன. விரைந்து வளரும் புற்கள் விதைக்கப்பட்டன. பார்வைக்குப் பசுமை நிறைந்த அந்நிலம் இறுகிப்போயிருந்தமையால் நீர் உட்புகவில்லை, வழிந்தோடும் நீர் மிகுந்தது, மரங்களும் வேரூன்றவில்லை. கீழேயிருந்த குளம் மண்ணைத் தடுத்ததே அன்றி, மேலே நிலம் நீரை ஏற்கும் ஆற்றலை மீட்டுக் கொடுக்கவில்லை. இவ்வனுபவத்திலிருந்து உருவான வனமீட்பு முறை, குறைந்தது 4 அடி ஆழத்துக்கு வேர்கொள்ளத்தக்க மண்ணைப் பரப்பி, மேற்பகுதியை அழுத்தாது தளர்வாக விடுதலை வலியுறுத்தியது. 2004 இல் சமஷ்டி அரசும் மாநிலங்களும் இணைந்து தொடங்கிய முயற்சியால் இம்முறை பரவலாயிற்று.

குளமும் மண்ணும் ஒழுங்காயிருப்பினும் அவற்றைப் பேணுவோர் எவர் என்ற வினா எஞ்சுகின்றது. செடிகொடிகள் நிலைபெறும்வரை குளங்களை அகற்றலாகாது. அதற்கு உறுதியாகவே நிறுவனங்களிடமிருந்து பிணை பெறப்படுகின்றது. எனினும் பெரு நிறுவனங்கள் சில, தமது நிதிநிலையையே பிணையாகக் காட்ட அனுமதிக்கப்பட்டிருந்தன. 2015 இலும் 2016 இலும் அல்பா, ஆர்ச், பீபொடி ஆகியன அடுத்தடுத்து வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியபோது, அப்பிணையின் வெறுமை வெளிப்பட்டது. நிலக்கரியின் இலாபம் சில ஆண்டுகளில் ஈட்டப்படுகின்றது. மண்ணை நிலைபெறச் செய்யும் உழைப்போ பல ஆண்டுகளுக்குரியது. இக்கால இடைவெளியில் ஏற்படும் செலவை இலாபம் பெற்றோரிடமிருந்து முற்கூட்டியே ரொக்கமாகப் பெறாத எந்தச் சட்டமும், அதனை ஈற்றிற் பள்ளத்தாக்கில் வாழ்வோரின் தலையிலேயே சுமத்தும் என்பது இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.