கையைக் கடித்தாலும் கட் ஆகாத கேபிள்: தாம்பரம் பக்கத்து வரலாறு

வீட்டில் பணமுடை என்றால் எந்தச் செலவை முதலில் வெட்டுவார்கள்? எகனாமிக்ஸ் வகுப்பில் இந்தக் கேள்வி வந்தபோது பாதிப் பேர் கோரஸாகச் சொன்ன பதில், கேபிள் டிவி. அரிசி வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், ஃபீஸ் கட்ட வேண்டும். கேபிள் இல்லாமல் யாரும் செத்துப்போக மாட்டார்கள். புத்தகப்படி சரியான பதில்தான். ஆனால் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் ஜி.எஸ்.டி ரோட்டின் இரண்டு பக்கமும் கடந்த இருபது வருஷமாக நடந்ததைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. வேலை போனபோது கேபிள் போகவில்லை. வெள்ளம் வந்தபோது போனது, திரும்பி வந்துவிட்டது. அது நிஜமாகப் போனதற்குக் காரணமே வேறு.

முதலில் 2003. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம், அதனால் இதெல்லாம் படித்ததும் அப்பா சொல்லிக் கேட்டதும்தான்.

அப்போது கேபிள் என்றால் ஒரே ஒயர். தென்னை மரத்திலிருந்து லைட் கம்பம், அங்கிருந்து மொட்டை மாடி, அங்கிருந்து ஜன்னல் வழியாக டிவிக்கு. எல்லா சானலும் அந்த ஒயரிலேயே வரும். மாசம் பிறந்தால் ஒரு பையன் சைக்கிளில் வந்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காசு வாங்கிப் போவான். எவ்வளவு என்பது தெருவுக்குத் தெரு மாறும். கட்டண சானல்காரர்கள் 'உன்னிடம் எத்தனை இணைப்பு?' என்று கேட்டு, அந்தக் கணக்குக்குப் பணம் வாங்குவார்கள். ஆபரேட்டர்கள் கணக்கைக் குறைத்துச் சொல்வார்கள். சானல்காரர்கள் அதற்கும் சேர்த்து விலையை ஏற்றுவார்கள். கடைசியில் ஏறுவது நம் அட்டையில் இருக்கும் தொகைதான்.

இந்தச் சண்டையைத் தீர்க்க மத்திய அரசு 2002-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 'கேஸ்' என்ற முறையைக் கொண்டு வந்தது (கண்டிஷனல் ஆக்சஸ் சிஸ்டம், சமையல் கேஸ் இல்லை!). இலவச சானல்கள் எல்லாருக்கும் வரும், அதற்கு வரி நீங்கலாக மாசம் 72 ரூபாய். கட்டண சானல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும், சானலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என நான்கு பெருநகரங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்குவதாகத்தான் திட்டம். டெல்லியில் சட்டசபைத் தேர்தல் வரவிருந்தது. அங்கே தள்ளிப் போட்டார்கள். மற்ற இரண்டு ஊரிலும் இழுத்தடித்தார்கள். கடைசியில் 2003 செப்டம்பர் 1 அன்று சொன்னபடி தொடங்கிய ஒரே ஊர் சென்னை. அதுவும் மாநகராட்சி எல்லை மட்டுமில்லை, பெருநகரப் பகுதி முழுக்க. அதாவது நம் தாம்பரமும் சேர்த்து.

அன்றைக்கு விடிந்ததும் பாக்ஸ் இல்லாத வீடுகளில் கட்டண சானல்கள் இருண்டு போயின. பாக்ஸ் விலை ஆயிரக்கணக்கில். மாசச் சம்பளக்காரர்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அரசாங்கம் எதிர்பார்த்தது, ஜனங்கள் வரிசையில் நின்று பாக்ஸ் வாங்குவார்கள் என்று. ஆபரேட்டர்கள் பயந்தது, ஜனங்கள் ஒயரையே பிடுங்கி எறிவார்கள் என்று. இரண்டும் நடக்கவில்லை. பாக்ஸ் வாங்கியவர்கள் மிகச் சொற்பம். மற்றவர்கள் அந்த 72 ரூபாயையும் வரியையும் கட்டிவிட்டு, வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தமிழ் சானல்களில் பல இலவசமாகவே வந்ததால் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. ஆங்கிலப் படமும் விளையாட்டு சானலும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் புலம்பினார்கள். எங்கள் வீட்டில் புலம்பியது அப்பா. பாட்டிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லையாம்.

மற்ற மூன்று நகரங்களுக்கான அறிவிப்பை 2004 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். டெல்லி உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கே சில பகுதிகளில் மட்டும் 2006 கடைசி நாளில் தொடங்கியது. அதற்குள் டிராய் விலையை மாற்றியிருந்தது. இலவச சானல்களுக்கு 77 ரூபாய், கட்டண சானல் ஒன்றுக்கு 5 ரூபாய், பாக்ஸுக்கு 999 ரூபாய் டெபாசிட்டும் மாசம் 30 ரூபாய் வாடகையும் (அல்லது 250 டெபாசிட், 45 வாடகை). இந்த விலை 2003-லேயே இருந்திருந்தால் சென்னையில் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வரும் விஷயத்தின் முதல் பாதி இதுதான். காசு இடிக்கும்போது வீடுகள் சானலைக் குறைக்கும், ஒயரை அறுக்காது. இது நம் ஊர் குணம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1929-ல் பங்குச் சந்தை விழுந்து லட்சக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரேடியோ இருந்த வீடுகள் நூற்றுக்கு 40. பத்து வருஷம் பஞ்சம் போல ஓடிய பின் 1940-ல் அது 80-க்கும் மேல்! யோசித்தால் ஆச்சரியமே இல்லை. வெளியே போனால் செலவு, வீட்டில் உட்கார்ந்தால் ரேடியோ. கையில் காசு இல்லாதவனுக்கு அதைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது. குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போய்வரும் செலவில் இரண்டு மூன்று மாசக் கேபிளை ஓட்டிவிடலாம் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனக்கணக்கு.

அடுத்து 2006. தி.மு.க. தேர்தல் வாக்குறுதியான இலவச கலர் டிவி அந்த செப்டம்பர் 15 முதல் வீடு வீடாக வர ஆரம்பித்தது. டிவி இலவசம், ஒயர் இலவசம் இல்லை. அதுவரை கேபிளே இல்லாத வீடுகளும் ஆபரேட்டரைக் கூப்பிட்டன. 2008-ல் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தபோது இந்தப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டது, ஆனால் கேபிளைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்காவிலும் அதேதான். 2008, 2009 மந்தத்தில் அங்கே கட்டண டிவி வீடுகள் மொத்தத்தில் குறையவில்லை. முதல்முறையாகக் குறைந்தது 2010 ஏப்ரல்-ஜூன் காலாண்டில். அதற்குள் நெட்ஃப்ளிக்ஸ் இணையத்தில் படம் காட்ட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

2011 செப்டம்பர் 2 அன்று அரசு கேபிள் சென்னை நீங்கலாகத் தமிழகமெங்கும் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையில் கேபிளை நிறுத்துவது சிக்கனமே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட இல்லை, டீ அதைவிட விலை அதிகம்.

அதற்கப்புறம் இந்தப் பக்கத்துக்கு வரிசையாக அடி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014-ல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள் ('விருப்ப' என்ற வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ!). நவம்பர் 1 அன்று உற்பத்தியே நின்றது. 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளமே காணவில்லை. ஃபிரிட்ஜ், பீரோ, டிவி எல்லாம் சேற்றில். 2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு. அடுத்த மாசம் 12-ம் தேதி வர்தா புயல், மரங்களோடு சேர்ந்து ஒயர்களும் தரையில். இத்தனைக்கும் நடுவில், எங்கள் தெருவில் 'கஷ்டம், கேபிள் வேண்டாம்' என்று நிறுத்தியவர்கள் யாரும் என் நினைவில் இல்லை. பாக்கி வைத்தவர்கள் உண்டு. செல்லாத நோட்டு சமயத்தில் கேபிள்காரர் எல்லாருக்கும் இரண்டு மாசம் கடன் சொன்னார். தெரிந்த மனிதர், தெருவிலேயே இருப்பவர், 'அடுத்த மாசம் தரேண்ணா' என்றால் ஒயரைப் பிடுங்க மாட்டார். இந்த வசதியை டிஷ் கம்பெனியோ செல்போன் கம்பெனியோ யாருக்கும் தந்ததில்லை.

ஆனால் அதே 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்திருந்தது. முதல் சில மாசம் டேட்டா இலவசம். கேபிளுக்கு முதல்முறையாக ஒரு மாற்றுப் பொருள் கிடைத்தது. அப்போதும் உடனே ஒன்றும் ஆகவில்லை. போனும் ஓடியது, டிவியும் ஓடியது. ஒரு தள்ளு தேவைப்பட்டது. அது 2019-ல் வந்தது.

பிப்ரவரி 1, 2019 முதல் டிராயின் புதிய கட்டண முறை. 'பார்க்கும் சானலுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்' என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கணக்கைப் பாருங்கள். நூறு சானல் வரைக்கும் இணைப்புக் கட்டணம் 130 ரூபாய். அதன் மேல் சன் டிவி 19, கே டிவி 19, விஜய் டிவி 17. மொத்தம் 185. ஜி.எஸ்.டி 18 சதவீதம் சேர்த்தால் 218 ரூபாய் 30 பைசா. மூன்றே மூன்று சானலுக்கு! மொத்தப் பேக்கேஜாக வாங்கினால் சற்று மலிவு, ஆனால் பார்க்காத சானலும் கூடவே வரும்; அதை ஒழிக்கத்தானே இந்த முறை வந்தது? பில் நான்கில் ஒரு பங்கு கூடும் என்று கிரிசில் அறிக்கை சொன்னது, டிராய் அதை மறுத்தது. அரசு கேபிள் அந்த ஆகஸ்டில் தன் கட்டணத்தை 130 ரூபாயும் வரியும் என்று குறைத்தது. 2020 ஜனவரியில் டிராயே அந்த 130 ரூபாய்க்கு இருநூறு சானல் என்று மாற்றியது.

என்னைக் கேட்டால் விலையைவிடப் பெரிய சேதம் அந்தப் பட்டியல்தான். அதுவரை கேபிள் காசு என்பது பால் காசு, பேப்பர் காசு மாதிரி, யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. 2019-ல் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து ஒவ்வொரு சானலுக்கும் எதிரே ரூபாய் போட்டுப் பார்க்க வைத்தார்கள். 'இது வேண்டுமா? யார் பார்ப்பது?' என்று கேட்க ஆரம்பித்தால், அந்தக் கேள்வி ஒயரிலேயே வந்துதான் நிற்கும். பக்கத்தில் ஒன்றரை ஜிபி டேட்டாவோடு போன் இருக்கிறது. 2003-ல் சானலைக் குறைத்த அதே வீடுகள் இந்த முறை ஒயரைத் தொட்டன.

ஊரடங்கு இதைக் கொஞ்சம் ஒத்திப் போட்டது. 2020 மார்ச்சில் ஷூட்டிங் நின்று, சீரியல்கள் தீர்ந்து, 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி' திரும்ப ஓடியது. தூர்தர்ஷனில் ராமாயணம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி டிவியில் பாடம் வந்தது. வீட்டில் ஒரே ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்றால், அந்தப் பிள்ளைக்கு இருந்த வகுப்பறை கேபிள்தான். அந்த நேரத்தில் ஒயரை அறுத்த வீடுகளில் இந்தக் கணக்கை யாராவது போட்டார்களா?

இரண்டாம் பாதி இங்கேதான் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிறோம் என்று கேபிளை நிறுத்துகிறார்கள். 2024 ஜூலையில் டேட்டா விலை ஏறியதில், ஜியோவின் 239 ரூபாய் ரீசார்ஜ் 299 ஆனது. 28 நாளைக்கு நான்கு போன் என்றால் 1,196 ரூபாய். நிறுத்திய கேபிள் இருநூற்றுச் சொச்சம். போன் எப்படியும் வேண்டும்தான், அந்த முழுத் தொகையையும் டிவிக்கு மாற்றாக எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேபிள் என்பது வீட்டுக்கு ஒரு செலவு. ரீசார்ஜ் ஆளுக்கு ஒரு செலவு. நாங்கள் அக்கவுண்ட்ஸில் படிக்கும் பொதுச் செலவு மாதிரி அது எல்லார் தலையிலும் பரவியிருந்தது. இப்போது தலைக்குத் தலை தனி. தனி போன் இல்லாத தலைக்கு ஒன்றுமில்லை.

அந்தத் தலை பெரும்பாலும் பாட்டியுடையது. சேலையூரில் என் சிநேகிதன் வீட்டில் போன வருஷம் கேபிளை நிறுத்தினார்கள். அவன் போனில் கிரிக்கெட், தங்கை போனில் ரீல்ஸ், அப்பா செய்தி. சாயங்காலம் பாட்டி யாருக்காவது போன் வேலை முடியும்வரை காத்திருந்து, சின்னத் திரையில் கண்ணைச் சுருக்கி அரை சீரியல் பார்க்கிறார். நடுவில் அழைப்பு வந்தால் அதுவும் போச்சு. வீட்டுப் பட்ஜெட் போட்டபோது அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நாடு முழுக்கக் கட்டண டிஷ் வைத்திருந்தவர்கள் 2020 கடைசியில் 7 கோடிக்கு மேல் என்கிறது டிராய் கணக்கு, 2025 மார்ச்சில் அது 5.7 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. எங்கள் தெரு கேபிள்காரர் இப்போது அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து பிராட்பேண்ட் கொடுக்கிறார். பழைய கறுப்பு ஒயரையும் சில வீடுகளுக்கு இன்னும் எடுத்துவிடவில்லை. வயசானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் அவை. மாசம் பிறந்தால் நேரில் போய்தான் காசு வாங்குகிறார், ஜிபே எல்லாம் அவர்களிடம் ஆகாது.