நாற்ற மரமும் புற்றுநோய் மருந்தும்

பழனி மலைச் சோலைக்காடுகளில் வளரும் சிறு மரங்களில் ஒன்று மாப்பியா ஃபீடிடா. லத்தீனில் ஃபீடிடா என்றால் நாற்றமுடையது! கெட்ட வாடையால் வந்த பெயர். இப்போது தாவரவியலார் இதை நோத்தபோடைட்டஸ் நிம்மோனியானா என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் இது உண்டு. இந்த மரத்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

1966-ல் அமெரிக்காவில் மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி ஆகியோரின் குழு ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. புற்றுநோய்க்கு எதிராக அது வேலை செய்தது. ஆனால் மரத்தில் கிடைத்த அளவு மிகக் குறைவு. அப்படியானால் ஆய்வகத்திலேயே செய்துவிடலாமே?

எளிய வேதிப்பொருட்களிலிருந்து தொடங்கி, இயற்கைப் பொருள் ஒன்றைப் படிப்படியாகக் கட்டி முடிப்பதை முழுத் தொகுப்பு என்பார்கள். 1971-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்டார்க்கும் ஆர்தர் ஷூல்ட்ஸும் ஐந்து வளையங்கள் கொண்ட கேம்ப்டோதெசினை அப்படிக் கட்டினார்கள். ஒரு சிக்கல் இருந்தது. இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல இந்த மூலக்கூறுக்கு இரண்டு வடிவங்கள். மரம் ஒன்றை மட்டுமே செய்கிறது, மருந்தாவது அதுதான். ஆய்வகத்தில் இரண்டும் பாதிப்பாதி கலந்து வந்தன. சரியான வடிவத்தை மட்டும் கட்டும் வழியை 1975-ல் ஈ.ஜே.கோரியின் குழு காட்டியது.

இதற்கிடையே 1972-ல் பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் மாப்பியா ஃபீடிடாவிலும் கேம்ப்டோதெசின் இருப்பதைக் கண்டார்கள், அதுவும் சீன மரத்தைவிட அதிகமாக! கோவிந்தாச்சாரி தொகுப்பு வேதியியலில் தேர்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்தபோது, நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோஃபோரினை அவருடைய குழு ஆய்வகத்தில் கட்டி 1961-ல் வெளியிட்டிருந்தது.

1996-ல் டோப்போடெகான், இரினோடெகான் என்ற இரு மருந்துகளுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டுமே கேம்ப்டோதெசினைச் சற்று மாற்றிச் செய்பவை. பல படிகள் கொண்ட முழுத் தொகுப்பைவிட, மரத்திலிருந்து மூலப்பொருளை எடுத்து மாற்றுவதே மலிவாக இருந்தது. விளைவு? மகாராஷ்டிரம், கர்நாடகக் காடுகளில் மரங்கள் வெட்டப்பட்டன, வேரோடும் பிடுங்கப்பட்டன. வேரை எடுத்தால் மரம் மறுபடி துளிர்க்காது.

ஆய்வகத்தில் ஒரு பொருளைக் கட்டிவிட்டால் இனி காடு தப்பித்தது என்று நினைக்கத் தோன்றும். கேம்ப்டோதெசினின் கதை அப்படி இல்லை. ஒரு தடவை செய்துகாட்டுவது வேதியியலின் வெற்றி. மரத்தைவிட மலிவாகச் செய்வதோ, தோட்டம் போட்டு வளர்ப்பதோதான் சோலைக்கு வெற்றி.