படம் மிஞ்சும், பெயர் மிஞ்சுமா? பிக்காசாவை விட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை

பதுளை, மொனராகலை தோட்டப்புறக் குடும்பங்களின் பழைய படங்களில் ஒரு பகுதி தகரப் பெட்டிகளில் இருக்கிறது. இன்னொரு பகுதி யாரோ ஒருவருடைய பழைய கணினியில் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகனோ ஆசிரியையாக இருக்கும் மருமகளோ ஒரு தீபாவளி விடுமுறையில் ஸ்கேன் செய்து, யார் யார் என்று பாட்டியிடம் கேட்டுப் பெயர் எழுதி வைத்தவை அவை. அந்த வேலைக்குப் பலர் பயன்படுத்தியது பிக்காசா என்ற இலவச மென்பொருள்.

பிக்காசாவை 2004இல் கூகுள் வாங்கியது. 2016 மார்ச் 15 உடன் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே நிறுவிய கணினிகளில் அது அதன் பிறகும் ஓடியது, இன்றும் பல கணினிகளில் ஓடுகிறது. அதனால்தான் பலர் அவசரப்படவில்லை. ஆனால் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. கணினியையே மாற்றும் நிலை வந்திருக்கிறது, கூடவே பிக்காசாவையும்.

மாறுவது கடினமல்ல. படக் கோப்புறையை அப்படியே புதிய கணினிக்குப் பிரதி செய்தால் படங்கள் எல்லாம் வந்துவிடும். வராமல் போவது வேறு: முகத்தைச் சுற்றிக் கட்டமிட்டு எழுதிய பெயர், 'அப்பாயி பக்கம்' என்று தொகுத்த அல்பம், நட்சத்திரமிட்டுத் தெரிந்தெடுத்த படங்கள். மாறிய அன்று இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் படங்கள் கண்முன்னே இருக்கின்றன. தெரியவரும்போது பழைய கணினி விற்கப்பட்டிருக்கும். பெயர் சொன்ன பாட்டியும் இருக்கமாட்டார்.

எமக்கு இது ஏன் சின்ன விடயமல்ல என்று சொல்லவேண்டும். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று வகுத்தது. தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முன் அண்ணன் தம்பிமார் ஒன்றாக நின்று எடுத்த ஸ்டூடியோப் படம் பல வீடுகளில் உண்டு. ஒரு பாதி கோத்தகிரியிலோ கூடலூரிலோ, மறுபாதி பசறையிலோ இருக்க, இரண்டையும் இணைக்கும் ஒரே சான்று அந்தப் படமும் அதில் இருப்போரின் பெயர்களும்தான். 1983 யூலையில் வன்முறை பதுளையையும் எரித்தது. 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல, 2009இல் முள்ளிவாய்க்கால்வரை ஓடின. அவற்றில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களும் உண்டு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையில் ஏந்தியிருந்தது படங்களைத்தான். வன்னியில் எல்லாவற்றையும் இழந்த குடும்பத்துக்கு, ஊவாவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக் கல்யாணப் படத்தில் ஓரமாக நிற்கும் ஒரு முகமே பிள்ளையின் ஒரே படமாக இருக்கக்கூடும். அந்த முகத்தைத் தேடிப் பிடிக்கப் பெயர் வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, எத்தனை பேர் புதையுண்டார்கள் என்ற எண்ணிக்கையே நாட்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மண்ணுக்குள் போனவற்றில் அல்பங்களும் இருந்தன.

பெயர்கள் எங்கே இருக்கின்றன?

படத்துக்குக் கீழே எழுதும் விளக்கக் குறிப்பை ஜேபெக் கோப்பாக இருந்தால் பிக்காசா படத்துக்குள்ளேயே எழுதிவிடும். குறிச்சொற்களும் அப்படித்தான். இவை எங்கே போனாலும் படத்தோடு போகும். முகங்களுக்கு இட்ட பெயர்கள் அப்படியல்ல. ஒவ்வொரு கோப்புறையிலும் பிக்காசா மறைத்து வைக்கும் ஒரு சிறிய கோப்பில், இன்ன இடத்தில் இன்ன இலக்கமுடைய முகம் என்று மட்டும் பதிவாகும். அந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் வேறோர் இடத்தில், விண்டோஸ் பயனர் கணக்கின் மறைவான கோப்புறைக்குள், கொன்டாக்ட்ஸ் என்ற கோப்பில் இருக்கும். படக் கோப்புறையை மட்டும் பிரதி செய்பவரிடம் இலக்கம் வந்து சேரும், பெயர் வராது. அல்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அல்பம் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு பட்டியல், அதுவும் அந்த மறைவிடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே பிக்காசா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பழைய கணினியிலேயே, பெயர்களைப் படத்துக்குள் எழுதிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். படக் கோப்புறை போதாது. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு, பயனர் கோப்புறைக்குள் அப்டேட்டா, லோக்கல், கூகுள் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனால் பிக்காசா-2, பிக்காசா-2-அல்பம்ஸ் என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். அவற்றையும் சேர்த்து எடுங்கள். பிறகு என்ன தவறு நடந்தாலும் திரும்பிப் போக வழி இருக்கும்.

அடுத்து பிக்காசாவைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் ஒப்ஷன்ஸ் என்பதற்குள் பெயர்க்குறிகளுக்கான பக்கத்தில், பெயர்களைப் படத்திலேயே சேமிக்கும் தெரிவை இயக்குங்கள். இது கடைசிப் பதிப்பான 3.9இல் உண்டு. அதற்கு முன்னரே இட்ட பெயர்களுக்கு, அதே டூல்ஸ் பட்டியலில் எக்ஸ்பெரிமென்டல் என்பதன் கீழ், முகங்களை எக்ஸ்.எம்.பி. வடிவில் எழுதும் கட்டளை இருக்கிறது. எக்ஸ்.எம்.பி. என்பது படக் கோப்புக்குள் குறிப்புகளை வைக்கும் பொதுவான முறை, பிற மென்பொருள்களும் வாசிக்கக்கூடியது. ஆயிரக்கணக்கான படங்கள் என்றால் நேரம் எடுக்கும். இரவில் ஓடவிட்டுப் படுக்கலாம், மின்சாரம் நின்றுவிடாமல் இருந்தால்.

அல்பங்களைக் காப்பாற்ற ஒரு சுற்றுவழி உண்டு. அல்பத்தைத் திறந்து, உள்ள படங்கள் எல்லாவற்றையும் தெரிந்து, அல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாக எல்லாவற்றுக்கும் சேர்த்துவிடுங்கள். குறிச்சொல் படத்துக்குள் போகும். நட்சத்திரமிட்டவற்றுக்கும் இதே வழிதான். பிக்காசாவில் வெட்டியோ வெளிச்சம் கூட்டியோ திருத்திய படங்களை 'சேவ்' கொடுத்து நிலைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் வேறு மென்பொருளில் பழைய தோற்றத்திலேயே தெரியும். சேமிக்கும்போது மூலப்படத்தைப் பிக்காசா மறைவான ஓர் உபகோப்புறையில் வைத்துக்கொள்ளும், அதை அழித்துவிடாதீர்கள். பி.என்.ஜி. வடிவில் ஸ்கேன் செய்த படங்களுக்கும் வீடியோக்களுக்கும் இவை பொருந்தா. அவற்றின் விவரங்களைக் கோப்பின் பெயரிலேயே எழுதுவது பாதுகாப்பானது.

எதற்கு மாறுவது?

என் தெரிவு டிஜிகாம். கே.டி.ஈ. என்ற திறந்த மூலச் சமூகம் உருவாக்குவது, இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். பிக்காசா படத்துக்குள் எழுதிய முகப்பெயர்களை அது வாசிக்கும். எந்த நிறுவனமும் ஒருநாள் கடையை மூடிவிட்டது என்று அதை நிறுத்திவிட முடியாது என்பதும் முக்கியம். குறை என்னவென்றால், முதலில் பார்ப்பவருக்கு மிரட்சியாக இருக்கும், பழைய கணினிகளில் மெதுவாக ஓடும். நிறுவியதும் அமைப்புகளில் மெட்டாடேட்டா பக்கத்துக்குப் போய், விளக்கக் குறிப்பு, குறிச்சொல், முகப்பெயர் ஆகியவற்றைப் படத்துக்குள் எழுதும் தெரிவுகள் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்னொரு பிக்காசாவைத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கணினி மிகப் பழையது என்றால் எக்ஸ்என்வியூ எம்.பி. பார்க்கலாம், தனிப்பட்ட பாவனைக்கு இலவசம்.

எல்லாப் படங்களையும் ஒரேயடியாக மாற்றாமல், முகப்பெயரும் குறிச்சொல்லும் உள்ள இருபது படங்களை வேறு கோப்புறையில் பிரதி செய்து, புதிய மென்பொருளில் திறந்து பாருங்கள். பெயர்கள் தெரிந்தால் மீதியைக் கொண்டுவரலாம்.

கூகுள் போட்டோஸ் போதாதா என்று பலர் கேட்பார்கள். பிக்காசாவை நிறுத்தியபோது கூகுள் காட்டிய இடமும் அதுதான். அப்போது சற்றுத் தரம் குறைத்த படங்களுக்கு எல்லையற்ற இடம் இலவசம். 2021 யூன் 1 முதல் அது இல்லை. மின்னஞ்சல், கோப்புகள் எல்லாம் சேர்த்து 15 ஜிகாபைட்தான் இலவசம். ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்தாலும் 10,000 படங்களுக்கு 30 ஜிகாபைட் வேண்டும். டேட்டா கார்ட் போட்டு அவ்வளவையும் ஏற்றும் செலவு வேறு. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023இல் வந்த விதி. இறந்துபோன ஒருவரின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்தால் இன்றே எடுத்து வையுங்கள். டேக்அவுட் என்ற வழியில் மொத்தமாகத் தரவிறக்கலாம். அங்கும் இதே கதைதான்: நீங்கள் எழுதிய விளக்கங்கள் படத்துக்குள் இல்லாமல் பக்கத்தில் வரும் ஜேசொன் கோப்புகளில் இருக்கும். அவற்றைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

பெயரை எப்படி எழுதுவது?

2000களில் தட்டச்சு செய்தவை பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி இல்லாத இடத்தில் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூழாகத் தெரியும். புதிய மென்பொருள் பழுதாக்கிவிட்டது என்று நினைக்கவேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் யூனிகோட் தமிழாக வந்துவிடும். மாறும் வேளையே இதைச் செய்யவும் நல்ல வேளை.

'சின்னம்மா', 'பெரிய மாமா' என்று எழுதியிருந்தால் அது எழுதியவருக்கு மட்டுமே விளங்கும். முழுப் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், தெரிந்தால் லயன் வரையும் எழுதுங்கள். தோட்டத்துக்கு ஆவணங்களில் ஒரு பெயரும் எங்கள் ஆட்கள் வாயில் வேறொரு பெயரும் இருப்பது வழக்கம், இரண்டையும் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் அடையாள அட்டையில் வேறாகவும் பெயர் பதிந்திருப்பது தோட்டத்தில் புதுமையல்ல. அந்த வேறுபாட்டையும் சேர்த்தே குறியுங்கள்.

திகதியில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கேன் செய்த படத்துக்குக் கணினி இடுவது ஸ்கேன் செய்த நாள். 1971இல் எடுத்த படம் 2012க்குரியதாக வரிசையில் நிற்கும். வட்ஸ்அப்பில் வந்த படமோ எடுத்த நாள் விவரத்தை இழந்திருக்கும், கோப்பின் பெயரில் இருப்பது அனுப்பிய நாள். டிஜிகாமில் திகதியைத் திருத்தலாம். சரியான நாள் தெரியாவிட்டால் 'மூத்த மகள் பிறந்த பிறகு, 1978 அளவில்' என்று விளக்கத்தில் எழுதினாலே போதும். உறவினர் படம் அனுப்புகிறார் என்றால் வட்ஸ்அப்பில் 'டொகியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், தரமும் உள்ளே எழுதிய பெயரும் குறையாமல் வரும்.

எல்லாப் படத்திலும் பெயர் எழுதவும் வேண்டியதில்லை. போர்க்காலத்தில் பயத்தில் படங்களை எரித்தவர்களும் புதைத்தவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். பேஸ்புக்கில் படம் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்களும் இருக்கிறார்கள். படத்துக்குள் எழுதிய பெயர் படத்தோடு போகும் என்பது காப்பாற்றுவதற்கு உதவுவது போலவே காட்டிக்கொடுக்கவும் உதவும். ஆபத்துத் தரக்கூடிய படங்களை வேறு கோப்புறையில், இணையத்தில் ஏறாத வன்தட்டில், வெராகிரிப்ட் போன்ற இலவசப் பூட்டு மென்பொருளால் பூட்டி வைப்பது நல்லது. வெளியே அனுப்பும் பிரதிகளில் பெயரையும் இட விவரத்தையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

பிரதிகள் எத்தனை? பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறோர் இடத்தில். ஊவா மலைகளில் இருப்போருக்கு 'வேறோர் இடம்' என்பது பக்கத்து லயன் அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் என்ன செய்தது என்று பார்த்திருக்கிறோம். ஒரு வன்தட்டு வெல்லவாய, வவுனியா, கொழும்பு என்று மலைக்கு வெளியே உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். வெளிநாட்டில் அண்ணன் இருந்தால் அவரிடமும் ஒன்று. பொதுவில் வைக்கக்கூடிய பழைய தோட்டப் படங்கள், பாடசாலை, தொழிற்சங்கக் கூட்டப் படங்கள் இருந்தால் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொள்ளலாம்.

வீட்டில் இருக்கும் பிரதியைச் சிறிய வன்தட்டு ஒன்றில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் வைக்கும் பையிலேயே வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்து இரவோடிரவாகக் கோயிலுக்கோ பாடசாலைக்கோ இறங்கவேண்டி வந்தால், எப்படியும் கையில் எடுக்கும் பை அது.