யாருக்காகக் கர்ப்பத்தடை? தேக்காவிலிருந்து ஒரு வரலாறு

1966ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 109 பிரசவங்கள். ஒரே மருத்துவமனையில், ஒரே ஆண்டில் இத்தனை பிரசவம் உலகில் வேறெங்கும் இல்லை என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது.

மலாய் மொழியில் கண்டாங் என்றால் பட்டி, கெர்பாவ் என்றால் எருமை. இன்று லிட்டில் இந்தியா என்று சுற்றுலாப் பயணிகளும், தேக்கா என்று நாமும் சொல்லும் வட்டாரம் ஒருகாலத்தில் மாட்டுப்பட்டிகள் நிறைந்த இடம். பஃபலோ ரோடு என்ற பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. அந்தப் பட்டிகளின் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி 1924இல் பிரசவ மருத்துவமனையாக மாறியது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வெறும் ‘கேகே’. 1997இல் கேகே எதிர்ப்பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய வளாகத்தில் இப்போது தரைப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது.

அந்த 1966 ஜனவரியில்தான் அரசு சிங்கப்பூர் குடும்பக் கட்டுப்பாடு, மக்கள்தொகை வாரியத்தை அமைத்தது. 1957இல் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற பிள்ளைகள் ஆறுக்கும் மேல். 1975இல் அது இரண்டாகிவிட்டது. பதினெட்டே ஆண்டுகள்! ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு இதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. இதை வெற்றிக் கதையாக நூறு பேர் சொல்லிவிட்டார்கள். இந்தக் கதையில் பெண் எங்கே நிற்கிறாள் என்பதுதான் என் கேள்வி.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கருக்கலைப்பைக் குற்றமாக்கிய சட்டம் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் ஒன்றுதான். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத்தான் பிரிட்டிஷார் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பிரிவு எண்கூட மாறவில்லை. அங்கேயும் 312, இங்கேயும் 312. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் விலக்கு. சட்டம் கப்பலில் வந்ததுபோலவே பப்பாளிக்காயும் எள்ளும் வெல்லமும் பற்றிய அடுப்படி அறிவும் வந்தது. அது பலிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. பெரியார். 1929 டிசம்பரில் அவர் மலாயாவுக்குக் கப்பலேறினார், சிங்கப்பூருக்கும் வந்தார். அந்தப் பயணத்தின் அலையில்தான் 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது, 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் அவர் எடுக்கும் நிலைப்பாடு இன்றும் கூர்மையானது. மற்றவர்கள் உடல்நலம், வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் சொல்லிக் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள். நாம் ஆதரிப்பது பெண் விடுதலைக்காக என்கிறார். ஒரே மாத்திரை, ஒரே கருவி, ஆனால் காரணம் வேறு. காரணம் வேறாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றும். என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாறு நல்ல பாடம்.

1949இல் இங்கே குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. முன்னின்றவர் கான்ஸ்டன்ஸ் கோ. போருக்குப் பின் பட்டினிக் குழந்தைகளுக்குச் சோறு போடும் பணியில் இருந்தவர். வரிசையில் வரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது. டாக்டர் மேகி லிம் போன்ற அரசு மருத்துவர்கள் துணை நின்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. அந்தக் காலத்துச் சங்கம் தொண்டூழியர்களின் அமைப்பு. பிள்ளை வேண்டாம் என்று நினைத்த பெண்தான் அதைத் தேடி வந்தாள். அறிவு இருந்த இடத்துக்குப் பெண் நடந்து போனாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

1966க்குப் பிறகு திசை மாறியது. அறிவு பெண்ணைத் தேடிக் கட்டிலுக்கே வந்தது. கேகேயில் பிரசவித்த பெண்களிடம் வாரியத்தின் ஊழியர்கள் பேசினார்கள். அதில் பெரிய நன்மை இருந்தது, மறுக்கவே முடியாது. மாத்திரை, ஆணுறை, கருத்தடைச் சாதனம் என்று எதுவும் தெரியாமல் ஏழெட்டுப் பிள்ளைகள் பெற்ற பெண்களின் மகள்களுக்கு அது புது வாழ்க்கை.

அடுத்தது சட்டம். 1969இல் கருக்கலைப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 58 இடங்களும் மக்கள் செயல் கட்சியிடம்தான் இருந்தன. எதிர்க்கட்சியே இல்லாத அவை. ஆனாலும் கொறடா உத்தரவு தளர்த்தப்பட்டது, மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார்கள். 32 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. ஆளுங்கட்சிக்குள்ளேயே பத்துப் பேர் எழுந்து ‘முடியாது’ என்றது அந்த அவையில் அபூர்வம். 1970 மார்ச்சில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல நேரங்களில் ஒரு வாரியத்தின் அனுமதி தேவைப்பட்டது. 1974இல் அந்த வாரியம் போய்விட்டது. 24 வாரம் வரை, பெண்ணின் எழுத்துபூர்வச் சம்மதம் இருந்தால் போதும். கணவர் கையெழுத்து வேண்டாம், திருமணமாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆசியாவில் அன்று இப்படிப்பட்ட சட்டம் மிகச் சில நாடுகளில்தான் இருந்தது.

இந்த இடத்தில் பல்கலைக்கழகம் வருகிறது, கூடவே ஒரு தமிழரும் வருகிறார். இலங்கையில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றியல் துறைக்கு 1970இல் தலைவரானார். துறை இயங்கியது கேகேயில். கம்பாலாவின் மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் புரோஸ்டாகிளாண்டின் ஆய்வுகளால் பெயர்பெற்ற சுல்தான் கரீம் பிறகு இந்தத் துறைக்கு வந்தார். புரோஸ்டாகிளாண்டின் என்பது கருப்பையைச் சுருங்கச் செய்யும், உடலே சுரக்கும் ஒரு பொருள். அதை மருந்தாகக் கொடுத்தால் பிரசவ வலியைத் தூண்டலாம், கருவையும் கலைக்கலாம். கத்தியும் கரண்டியும் இல்லாமல் மருந்தால் கருக்கலைப்பு என்ற எண்ணம் உருவான உலகின் ஆய்வுக்கூடங்களில் தேக்காவின் இந்த ஆஸ்பத்திரியும் ஒன்று. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மிஃபெப்ரிஸ்டோனோடு சேர்ந்திருக்கும் மிசோப்ரோஸ்டால் அந்தக் குடும்பத்து மருந்துதான். இதே ரத்னத்தின் துறைதான் 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையையும் பிறக்கவைத்தது. பிள்ளை வேண்டாம் என்றவளுக்கும் வேண்டும் என்றவளுக்கும் ஒரே துறை பதில் தேடியது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆய்வு என்றால் மருந்து மட்டுமில்லை, கேள்வித்தாளும் உண்டு. 1973இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய முதல் தேசிய ஆய்வு நடந்தது. அறிவு, மனப்பாங்கு, நடைமுறை என்ற மூன்றையும் அளக்கும் ஆய்வு முறை அப்போது உலகமெங்கும் புழக்கத்தில் இருந்தது. உங்களுக்கு எத்தனை முறைகள் தெரியும்? எதைப் பயன்படுத்துகிறீர்கள்? இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும்? கேட்கப்பட்டவர்கள் திருமணமான பெண்கள். சட்டம் திருமணத்தைக் கேட்கவில்லை, ஆய்வு கேட்டது. திருமணமாகாதவளுக்கு என்ன தெரியும், யாரிடம் கேட்டாள், எங்கே போனாள் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

கட்டத்துக்குள் வராத இன்னொன்றும் உண்டு. எழுபதுகளில் மூன்றாவது பிள்ளை பெற்ற என் பெரியம்மாவிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசினேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை.

“பொண்ணு பொறந்து அரை நாள்கூட ஆகல. புள்ளைக்கு என்ன பேருன்னு யாரும் கேக்கல, ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மான்னுதான் கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க, பெரியம்மா?”

“சரின்னேன். எனக்கும் போதும்னுதான் இருந்துச்சு. ஆனா அதை நான்ல சொல்லியிருக்கணும்? அவங்க சொல்லிட்டாங்க.”

பெரியம்மா பெரியாரைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னது அதே வித்தியாசத்தைத்தான்.

அவருக்கு அருகில் இருந்த கணக்கையும் பார்ப்போம். 1972இல் ‘இரண்டோடு நிறுத்து’ இயக்கம் தொடங்கியது. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறியது. பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை செய்துகொண்டால் அந்தக் கட்டணம் தள்ளுபடி. அறுவைக்கு 5 வெள்ளிதான். சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும். நான்காவது பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் கடைசி இடம். இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல், 80 லட்சம் பேருக்கும் மேல் கருத்தடை அறுவை நடந்தது. பலரை முகாமுக்கு இழுத்துப்போனார்கள். சிங்கப்பூரில் யாரும் யாரையும் இழுக்கவில்லை. பில் போட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழித்த குடும்பத்துக்குப் பில்லும் கையைப் பிடித்து இழுக்கத்தான் செய்யும்.

1983 தேசிய தினப் பேரணி உரையில் லீ குவான் இயூ வேறொரு கவலையைச் சொன்னார். பட்டதாரிப் பெண்கள் திருமணம் செய்வதில்லை, பெற்றுக்கொள்வதில்லை. படிக்காதவர்கள் அதிகம் பெறுகிறார்கள். 1984இல் மூன்று பிள்ளைகள் பெற்ற பட்டதாரித் தாய்மாரின் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை வந்தது. அதே ஆண்டு, படிப்பும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்குட்பட்ட தாய் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்ற திட்டமும் வந்தது. பட்டதாரித் தாய்மார் சலுகைக்கு மக்கள் கொதித்தார்கள், பட்டதாரிப் பெண்களே எதிர்த்தார்கள். 1985இல் அது கைவிடப்பட்டது. 1986இல் வாரியமே கலைக்கப்பட்டது. 1987இல் புது முழக்கம்: வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள்.

கருக்கலைப்பு எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 1985இல், 23,000க்கும் மேல். பிறகு கட்டாய ஆலோசனை வந்தது. ஆலோசனை முடிந்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் இல்லை. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு ஓரளவாவது இருந்து, மூன்றுக்குக் குறைவான பிள்ளைகள் உள்ள உள்ளூர்ப் பெண்களுக்கு மட்டும். அதாவது படித்தவளிடம் ‘யோசித்துப் பார்’ என்று அரசு கேட்டுக்கொண்டது. படிக்காதவளிடம் கேட்கவில்லை. 2014இல்தான் இந்தப் பாகுபாடு நீங்கி ஆலோசனை எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. ஒரு நாட்டின் தேவைக்காகத் தரப்பட்ட உரிமை, தேவை மாறும்போது யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கப்படும் என்பதை இந்த ஒரு விதியிலேயே காணலாம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. பிறப்பு விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கிய பிறகும் 24 வார வரம்பு அப்படியே இருக்கிறது. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்கு இந்தியாவில் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இங்கே சட்டம் அதைக் கேட்பதில்லை. இலங்கையிலோ 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. ரத்னம் பிறந்த தீவில் ஒரு பெண்ணுக்கு உயிர் போகும் நிலை வந்தால்தான் அனுமதி.

சிங்கப்பூரில் கதை முடிந்துவிட்டதா? ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு முன் நின்று பாருங்கள். விடுமுறை கிடைத்த பணிப்பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் அதில் உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின்படி, வேலை அனுமதி உள்ள வெளிநாட்டுப் பெண்ணும் இங்கே கருவைக் கலைத்துக்கொள்ளலாம். அவள் சம்மதமில்லாமல் அந்தச் செய்தியை வெளியிடுவதும் குற்றம். ஆனால் அவளது வேலை அனுமதியின் நிபந்தனை, கர்ப்பமாகவே கூடாது என்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அதில் கர்ப்பப் பரிசோதனையும் அடக்கம். கர்ப்பம் என்று தெரிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரு சட்டம் ‘உன் முடிவு’ என்கிறது, இன்னொரு விதி அந்த முடிவை ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கிறது. கலைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது, பெற்றுக்கொள்ள இல்லை.

பெரியார் கேட்ட விடுதலைக்கு இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் இனி இத்துறையில் ஆய்வு செய்யப்போகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எத்தனை கருத்தடை முறைகள் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை யார் சொல்லித் தந்தார்கள், எப்போது சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா என்றும் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். மற்ற ஆறு நாளும் அவர்கள் வேறொருவர் வீட்டில் இருக்கிறார்கள்.