எம்பிஆர் - ஜிபிடி மாற்றம்

எம்பிஆர் - ஜிபிடி மாற்றம் என்பது கணினி வன்தட்டின் பழைய பிரிவு அட்டவணையைப் புதிய முறைக்கு மாற்றுவதாகும். விண்டோசின் பிட்லாக்கர் கொண்டு வன்தட்டை மறைகுறியாக்க முற்படுவோருக்கு இது தேவைப்படலாம். மறைகுறித் திறவுகோலைக் காக்கும் டிபிஎம் 2.0 சில்லு, பயாசுக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ முறையிலேயே ஆதரிக்கப்படுகிறது. அம்முறையில் விண்டோசு தொடங்க ஜிபிடி தட்டு வேண்டும்.

1983இல் பிசி டாஸ் 2.0 உடன் அறிமுகமான எம்பிஆர், தட்டின் முதல் 512 பைட்டுகளில் அடங்குவது. நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே இடமளிப்பது. ஜிபிடி தன் அட்டவணையின் நகலொன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்துள்ளது.

விண்டோசின் முந்தைய கருவிகளால் மாற்றுவதற்குத் தட்டிலுள்ள அனைத்தையும் அழிக்க வேண்டியிருந்தது. 2017இல் விண்டோசு 10 (பதிப்பு 1703) உடன் வந்த எம்பிஆர்2ஜிபிடி கருவி கோப்புகளை அழிக்காமலே மாற்றுகிறது. ஆயினும் முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேற்படலாகாது. விரிவுப் பிரிவு இருத்தலும் கூடாது. ஏற்கெனவே மறைகுறியாக்கிய தட்டாயின் பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்த வேண்டும்.

மாற்றம் முடிந்ததும் கணினியின் தொடக்க அமைப்பை யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றாவிடில் விண்டோசு தொடங்காது. தரவு அழிந்ததெனக் கருதி இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவோர், அதுவரை அழியாதிருந்த கோப்புகளைத் தாமே அழித்துவிட நேரும்.